எம்.ஏ. மியூசிக் சேரணுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து பசங்களுக்கு ஆரம்பத்துல இருந்து அட்மிஷன் வரைக்கும்

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் வாய்ப்பாட்டு, மிருதங்கம், நாதஸ்வரம், தவில்னு உருப்படியா கத்துக்கிட்டவங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா அதையே பல்கலைக்கழகத்துல முதுகலையா படிக்கலாம்னு தெரிஞ்சவங்க கம்மி. தெரிஞ்சவங்கள்லயும் பாதி பேர் ஜூன் மாசம் யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின நோட்டிஃபிகேஷன பாத்துட்டு, கடைசி தேதி அடுத்த வாரம்னு ஓடி வர்றாங்க. அந்த ஒரு வாரத்துல மைக்ரேஷன் சர்டிஃபிகேட்டும் வராது, வர்ணம் மூணு காலமும் வராது. அதனால கீழ நான் எத்தனை படி சொன்னாலும் அடியில இருக்கிறது ஒரே விஷயம்தான்: நோட்டிஃபிகேஷன் வர்ற அன்னிக்கு உங்க வேலையில முக்கால்வாசி முடிஞ்சிருக்கணும். ஜனவரில ஆரம்பிச்சா சரியா இருக்கும்.

எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த காலேஜ் நல்லா இருக்கும்?"னு. அது மூணாவதா கேக்க வேண்டிய கேள்விங்க. முதல் கேள்வி, படிச்சு முடிச்சு என்ன பண்ணப் போறீங்க. ரெண்டாவது, இப்ப கையில என்ன சர்டிஃபிகேட் இருக்கு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா காலேஜ் தானா முடிவாயிடும்.

முதல் படி: எதுக்கு படிக்கறோம்னு முடிவு பண்றது

காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா முதுகலைல குறைஞ்சது 55 சதவீதம் வேணும், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம். அதோட நெட் (தேசிய தகுதித் தேர்வு) இல்லன்னா செட் (மாநில தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணும், இல்லன்னா பிஎச்.டி வரைக்கும் போகணும். நெட்ல மியூசிக்குக்குன்னு தனி தாள் இருக்கு, சப்ஜெக்ட் நம்பர் 16. அதுல ஜே.ஆர்.எஃப்-ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா ஆராய்ச்சி பண்ற முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபா வரும். இசை படிச்சா சோறு கிடைக்குமான்னு வீட்டுல கேக்கறப்ப இந்த நம்பரை சொல்லுங்க, கொஞ்சம் அமைதியாவாங்க.

பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் ஆகணும்னா கதை வேற. எம்.ஏ பெரிய படிப்புதானே, அதை வச்சு எங்க வேணா போகலாம்னு நெனைக்காதீங்க. நம்ம மாநில அரசுப் பள்ளி சிறப்பாசிரியர் வேலைக்கு அரசுத் தேர்வுத்துறை நடத்துற இசை லோயர், ஹையர் கிரேடு, டி.டி.சி (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) மாதிரி சர்டிஃபிகேட்டுகளத்தான் வழக்கமா பாக்கறாங்க. கேந்திரிய வித்யாலயாவுல பிரைமரி மியூசிக் டீச்சருக்கு இசையில இளங்கலை கேக்கறாங்க. அதனால பி.எஸ்சி கணக்கு முடிச்சிட்டு நேரா எம்.ஏ மியூசிக் போறவங்க, பின்னாடி ஸ்கூல் வேலைதான் குறின்னா, அந்த வேலை நோட்டிஃபிகேஷன்ல தகுதின்னு போட்டிருக்கிற வரிய இப்பவே ஒரு தடவை படிச்சிட்டு முடிவெடுங்க.

கச்சேரிதான் பண்ணணும், வேற எதுவும் வேணாம்னா, நேராவே சொல்றேன், அதுக்கு எம்.ஏ தேவையே இல்ல. குருகிட்டயே இருங்க, ஆகாசவாணி ஆடிஷன் போய் கிரேடு வாங்குங்க, பி-யில ஆரம்பிச்சு பி-ஹை, ஏ, டாப்னு ஏறிக்கிட்டே போகலாம். மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு ஒரு உதவித்தொகை குடுக்குது, 18ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கணும், குருகிட்ட அஞ்சு வருஷமாவது கத்திருக்கணும், மாசம் 5,000 ரூபா ரெண்டு வருஷத்துக்கு. இது நம்ம ஊர்ல பல பேருக்கு காதுலயே விழாத விஷயம், தேடிப் பாருங்க.

ரெண்டாவது படி: கையில என்ன இருக்குன்னு பாக்கறது

பி.ஏ அல்லது பி.மியூஸ் இசையிலயே முடிச்சவங்களுக்கு எந்தக் கதவும் மூடல, அவங்க அடுத்த படிக்கு போகலாம். சிக்கல் மத்தவங்களுக்குத்தான், நம்ம பக்கத்துல மத்தவங்கதான் ஜாஸ்தி. தர்மபுரி அரசு கலைக்கல்லூரியிலயோ கிருஷ்ணகிரி ஆண்கள் கல்லூரி, பெண்கள் கல்லூரியிலயோ தமிழ், வரலாறு, பி.காம்னு ஒரு டிகிரி, சாயங்காலம் பாட்டு வாத்தியார்கிட்ட பத்து வருஷம், இதுதான் வழக்கமான கதை. இவங்களுக்கும் வழி இருக்கு. சில இடங்கள்ல இசைப் பட்டம் இருந்தாதான் உள்ள விடுவாங்க, சில இடங்கள்ல எந்த டிகிரியா இருந்தாலும் சரி, இசை சர்டிஃபிகேட்டோ டிப்ளமோவோ காட்டி செய்முறைத் தேர்வுல பாடிக் காட்டினா போதும்பாங்க. ப்ராஸ்பெக்டஸ்ல 'தகுதி' பக்கத்த மட்டும் ஒரு எழுத்து விடாம படிங்க, மிச்ச பக்கத்துல இருக்கிற போட்டோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில மூணு வருஷம் படிச்சு சர்டிஃபிகேட் வாங்கினவங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும், அது சான்றிதழ் படிப்பு, டிகிரி கிடையாது. அதை மட்டும் வச்சு எம்.ஏ போக முடியாது. ஆனா ஏதாவது ஒரு டிகிரி இருந்து, கூட இந்த சர்டிஃபிகேட்டும் இருந்தா ரொம்ப பலம், "ஏதாவது இசைத் தகுதி இருக்கா"ன்னு கேக்கற இடத்துல நீட்டறதுக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது.

ஒரு சர்டிஃபிகேட்டும் இல்ல, வாத்தியார் மட்டும்தான்னா, ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, அரசு இசைத் தேர்வு லோயர், ஹையர் எழுதிடுங்க. ரெண்டாவது, வாத்தியார்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. வெறும் "இவர் என்னிடம் இசை பயின்றார், நல்லொழுக்கம் உடையவர்"னு ஒரு வரி எழுதின கடிதம் யாருக்கும் உதவாது. எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை வர்ணம், எத்தனை கிருதி, மனோதர்மம் (சொந்தக் கற்பனையில பாடறது) எது வரைக்கும் வந்திருக்கு, எந்தக் கோயில்ல, எந்த சபாவுல மேடை ஏறியிருக்கு, இதெல்லாம் அதுல வரணும். கீழ கையெழுத்து, போன் நம்பர். வயசான வாத்தியாரா இருந்தா நீங்களே விவரத்தை எழுதிட்டுப் போய் படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கிக்கோங்க, அவங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

மூணாவது படி: இடம்

சென்னைப் பல்கலைக்கழகத்துல இந்திய இசைத்துறை 1932ல ஆரம்பிச்சது, இசையியல் அறிஞர் பி. சாம்பமூர்த்தி வேலை பாத்த துறை. இசையியல், வரலாறு, ஆராய்ச்சின்னு போறவங்களுக்கு ஏத்த இடம். தாளவாத்தியக்காரங்களுக்கு தாளவியல்னு தனி முதுகலை அங்க உண்டு, மிருதங்கம் வாசிக்கற பல பேருக்கு இது தெரியறதே இல்ல. பொண்ணுங்களுக்கு ராணி மேரி கல்லூரி, 1914ல ஆரம்பிச்ச காலேஜ், அங்க இசைத்துறைக்கு நல்ல பேர்.

2013ல தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் வந்துச்சு, இப்ப அது ஜெயலலிதா பேர்ல இருக்கு. சென்னை, திருவையாறு, மதுரை, கோயம்புத்தூர் அரசு இசைக் கல்லூரிகள் எல்லாம் அதுக்கு கீழதான் வருது. எந்த ஊர்ல எந்தப் பிரிவுக்கு முதுகலை இருக்குங்கிறத அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோங்க.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்த நம்ம பக்கத்துக்காரங்க ஏனோ மறந்துடறாங்க. 1929லயே ராஜா அண்ணாமலைச் செட்டியார் அங்க இசைக்கல்லூரி ஆரம்பிச்சிட்டார், பின்னாடி தமிழிசை இயக்கத்துக்கு முதுகெலும்பா நின்னவரும் அவர்தான். தேவாரம், பண் மேல ஆசை இருக்கறவங்க முதல்ல இங்கதான் பாக்கணும், அப்புறம் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம். திருவாரூர்ல இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்துலயும் இசைத்துறை இருக்கு, அதுக்கு க்யூட் பி.ஜி-ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், அதைப் பத்தி கீழ சொல்றேன். டெல்லி பல்கலைக்கழகத்துலயும் கர்நாடக இசையில எம்.ஏ உண்டு. அங்க போற நம்ம ஊர் பசங்க ரொம்ப கம்மி.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துல இருக்கறவங்க பெங்களூர் கைக்கெட்டற தூரம்தானேன்னு யோசிப்பீங்க. பெங்களூர் பல்கலைக்கழக ஞானபாரதி வளாகத்துல நிகழ்கலைத் துறை இருக்கு, மைசூர்ல கங்குபாய் ஹானகல் பேர்ல இசைக்குன்னே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கு. வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்களுக்கு அங்க சூழ்நிலை பழகிடும், தியாகராஜர் கிருதியும் தாசர் பதமும் அர்த்தம் தெரிஞ்சே பாடலாம். ஆனா ஒண்ணு, நம்ம மாநில இட ஒதுக்கீடு எல்லையைத் தாண்டினா செல்லாது, அங்க நீங்க வெளிமாநில மாணவர், கட்டணமும் வேற மாதிரி இருக்கலாம். அந்தக் கணக்கையும் போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தொலைதூரக் கல்வியில எம்.ஏ இசைன்னு விளம்பரம் பாத்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி யு.ஜி.சி தொலைதூரக் கல்விப் பிரிவோட வெப்சைட்ல அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்புக்கே அனுமதி இருக்கான்னு பாருங்க. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கறதும் படிப்புக்கு அனுமதி இருக்கறதும் ஒண்ணு இல்ல.

நாலாவது படி: தாள் வேலை

போர் அடிக்கிற பகுதிதான், ஆனா ஆளுங்க கோட்டை விடறது இங்கதான்.

நம்ம ரெண்டு மாவட்டக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது. நீங்க வேற பல்கலைக்கழகத்துக்குப் போறதால மைக்ரேஷன் சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதுக்கு பெரியார் பல்கலைக்குத்தான் விண்ணப்பிக்கணும். ரிசல்ட் வந்த உடனே எல்லாரும் ஒரே நேரத்துல போவாங்க, கூட்டம் பின்னும். ரிசல்ட் வந்த வாரமே போட்டுடுங்க. டி.சி-யையும் ப்ரொவிஷனலையும் காலேஜ்ல வாங்கறப்ப லைப்ரரி பாக்கி, ஃபீஸ் பாக்கின்னு நிறுத்தி வைப்பாங்க, அதையும் முன்னாடியே தீத்துடுங்க.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்துல போட்டுக்கலாம். எஸ்.டி சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் லெவல்ல போய் வரணும், சித்தேரி மாதிரி மலை ஊர்கள்ல இருந்து வர்றவங்க, விசாரணைக்கெல்லாம் நாள் பிடிக்கும்னு மனசுல வச்சு பல மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. மத்தியப் பல்கலைக்கழகத்துக்குன்னா இன்னொரு சங்கதி, நம்ம மாநிலத்துல பி.சி, எம்.பி.சின்னு இருக்கறவங்க, அவங்க சாதி மத்தியப் பட்டியல்ல இருந்தா, அங்க ஓ.பி.சி. இங்க வாங்கின அட்டையை அப்படியே காட்டினா ஏத்துக்க மாட்டாங்க, மத்திய அரசு ஃபார்மட்ல ஓ.பி.சி நான் க்ரீமி லேயர் சான்றிதழ் தனியா வாங்கணும், அதுவும் பெரும்பாலும் அந்த நிதியாண்டுல வாங்கினதா இருக்கணும்பாங்க. ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்கறது பாதுகாப்பு.

அப்புறம் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு மாதிரி, ஆதார்ல அப்பா பேரு முழுசா, டிகிரியில இனிஷியல் பின்னாடின்னு மூணும் மூணு விதமா இருக்கும். ஆன்லைன் ஃபார்ம்ல பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே அடிங்க, ஆதார மாத்த வேண்டியிருந்தா இப்பவே மாத்துங்க. போட்டோ, கையெழுத்து ஸ்கேன் எல்லாம் எந்த ப்ரவுசிங் சென்டர்லயும் பண்ணித் தருவாங்க, ஆனா மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் சென்டர்காரரோடதா இல்லாம உங்களோடதா இருக்கட்டும், போன் நம்பரும் அப்படித்தான்.

அஞ்சாவது படி: செய்முறைத் தேர்வு

இதுதான் மொத்த விஷயமே. பல இடங்கள்ல எழுத்துத் தேர்வு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பாடறதுல நிமிர்ந்திடலாம்.

முதல்ல சுருதி. உங்க கட்டை, அதாவது நீங்க பாடற ஆதார சுருதி, எதுன்னு உங்களுக்கே உறுதியா தெரியணும். ஆம்பளைக் குரல் பெரும்பாலும் ஒண்ணு, ஒண்ணரைக் கட்டை, பொம்பளைக் குரல் அஞ்சு, அஞ்சரை. ஊர்ல பஜனையில ஹார்மோனியக்காரர் வச்ச கட்டையிலயே பாடிப் பழகினவங்க, தனியா உக்காந்து தம்புரா ஆப் போட்டு மேல் பஞ்சமம் கத்தாம நிக்குதா, கீழ் பஞ்சமம் கேக்குதான்னு பாத்து கட்டைய முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் தேர்வு வரைக்கும் அதை மாத்தாதீங்க.

என்ன தயார் பண்ணணும்? ஆதி தாள வர்ணம் ரெண்டு, மூணு காலத்துலயும் தாளம் போட்டுக்கிட்டே பாடற அளவுக்கு. முடிஞ்சா ஒரு அட தாள வர்ணம். கிருதிகள்ல மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) ஒவ்வொருத்தரோடதும் ஒண்ணு, ஒரு தமிழ் கிருதி, ஒரு தேவாரம் பண்ணோட பேர் தெரிஞ்சு. ராகம் பாட ரெண்டு மூணு பெரிய ராகம், தோடி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி இதுல எது உங்க தொண்டைக்கு ஒத்து வருதோ அது. ஒரு கிருதியில நிரவல் (ஒரு வரிய விதவிதமா விரிச்சுப் பாடறது), கல்பனாஸ்வரம் (ஸ்வரத்த கற்பனையா பாடறது), குறைஞ்சது ரெண்டு காலத்துல. அபூர்வ ராகத்துல ஒண்ணு பாடி அசத்திடலாம்னு சில பேர் நெனைப்பாங்க, வேணாம். எதிர்ல உக்காந்திருக்கறவங்க ஆயுசு முழுக்க தோடி கேட்டவங்க, உங்க தோடியில காந்தாரம் எப்படி அசையுதுன்னு பாத்தாலே அவங்களுக்கு ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்.

நடுவுல நிறுத்துவாங்க. பல்லவியிலயே "போதும், அனுபல்லவியில இருந்து நிரவல் பண்ணுங்க"ம்பாங்க, இல்லன்னா அவங்க ஒரு ஸ்வரக் கோர்வை பாடிட்டு என்ன ராகம்னு கேப்பாங்க. நிறுத்தினதும் முகம் சுண்டிப் போகாதீங்க, நேரம் இல்லாமதான் நிறுத்தறாங்க. இதுக்கு வீட்டுலயே பழகலாம். தங்கச்சியையோ ஃப்ரெண்டையோ எதிர்ல உக்கார வச்சு, அவங்க இஷ்டத்துக்கு கை தட்டற இடத்துல நிறுத்தி, சொல்ற இடத்துல இருந்து திரும்ப எடுத்துப் பாடுங்க.

மிருதங்கம், தவில் வாசிக்கறவங்க சொல்கட்டை வாயால சொல்லித் தாளம் போடவும் தெரிஞ்சிருக்கணும், வெறும் வாசிப்பு பத்தாது. ஆதியிலயும் மிஸ்ர சாபுலயும் ஒரு தனி ஆவர்த்தனம், மோரா, கோர்வை, அந்தக் கோர்வையோட கணக்கை விளக்கிச் சொல்ற அளவுக்கு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிச்சு வாசிச்சு கை நல்லா ஓடற பசங்க நம்ம ஊர்ல இருக்காங்க, கணக்கு கேட்டா மட்டும் "அப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தார்"னு நின்னுடுவாங்க. அப்பாகிட்டயே உக்காந்து ஒவ்வொரு கோர்வையையும் நோட்டுல எழுதி வாங்கிடுங்க.

நாதஸ்வரக்காரங்க கோயில் வாசிப்ப அப்படியே மூடிய அறைக்குள்ள வாசிச்சா காது அடைச்சிடும், சின்ன ரூம்ல வாசிச்சு அடக்கிப் பழகுங்க. சீவாளி (வாயில வச்சு ஊதற பகுதி) ரெண்டு மூணு கூடவே எடுத்துட்டுப் போங்க.

தினமும் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, ரெக்கார்டிங் அப்படிச் சொல்லாது.

ஆறாவது படி: எழுத்துத் தேர்வு

72 மேளகர்த்தாவ (தாய் ராகங்கள) மனப்பாடம் பண்றது பெரிய வேலையா தெரியும், எழுத்துக்கு எண் குடுக்கற கடபயாதி முறை தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. மேளத்தோட பேர்ல முதல் ரெண்டு எழுத்துக்கு எண் எடுத்து, திருப்பிப் போட்டா மேள நம்பர். மாயாமாளவகௌளையில மா 5, யா 1, திருப்பினா 15. தீரசங்கராபரணத்துல தீ 9, ர 2, திருப்பினா 29. மேசகல்யாணியில மே 5, ச 6, திருப்பினா 65. நம்பர் வந்துட்டா சக்கரம் வந்துடும், சக்கரம் வந்துட்டா ரி, க என்னன்னு வந்துடும், 36க்கு மேல போனா பிரதி மத்யமம். தாளமும் அப்படித்தான், ஏழு தாளம், அஞ்சு ஜாதி, பெருக்கினா 35, அஞ்சு கதியால திரும்பப் பெருக்கினா 175. சதுஸ்ர ஜாதி திரிபுடைதான் நம்ம ஆதி.

வரலாறுல மும்மூர்த்தி காலம், தமிழ் மூவர் யார், சார்ங்கதேவர், வேங்கடமகி எதுக்குப் பேர் போனவங்க, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு எங்க இருக்கு (புதுக்கோட்டை பக்கம்), இதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற ஏரியா. தமிழிசைப் பக்கம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆபிரகாம் பண்டிதர் 1917ல போட்ட கருணாமிர்த சாகரம், பண்ணுக்கு ராகம். கொல்லின்னா நவரோஜ், நட்டபாடைன்னா கம்பீரநாட்டை, மேகராகக்குறிஞ்சின்னா நீலாம்பரி, கௌசிகம்னா பைரவி. தஞ்சாவூர், சிதம்பரம் போறவங்க இதை விடவே கூடாது.

தமிழ் மீடியத்துல படிச்சவங்க பயப்படாதீங்க, நம்ம மாநிலப் பல்கலைகள்ல தமிழ்ல எழுத வழி இருக்கான்னு அறிவிப்புல பாருங்க. ஆனா நெட், க்யூட் மாதிரி தேர்வுகள்ல கேள்வி இங்கிலீஷ்ல வரும், அதனால கலைச்சொல்லை ரெண்டு மொழியிலயும் ஒரே நோட்டுல எதிரெதிரா எழுதி வச்சிக்கோங்க.

க்யூட் பி.ஜி தேசியத் தேர்வு முகமை நடத்துது, கம்ப்யூட்டர்ல, 75 கேள்வி, சரிக்கு நாலு மார்க், தப்புக்கு ஒண்ணு கழியும். விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்துலயே வந்துடும், தேர்வு மார்ச்ல. அதாவது உங்க ஆறாவது செமஸ்டர் நடுவுல, மத்த பல்கலைகள் அறிவிப்பு விடறதுக்கு ரொம்ப முன்னாடி. மே மாசம் தேட ஆரம்பிக்கறவங்களுக்கு திருவாரூரும் டெல்லியும் ஏற்கனவே போயிருக்கும்.

ஏழாவது படி: ஆராய்ச்சி, வெளிநாடுன்னு யோசிக்கறவங்களுக்கு மட்டும்

எம்.ஏ-வுக்கு பெரும்பாலும் நோக்க அறிக்கையெல்லாம் (எதுக்கு படிக்க வர்றோம்னு எழுதித் தர்றது) கேக்க மாட்டாங்க, நேர்காணல்ல வேணா "மேற்கொண்டு என்ன பண்ணணும்னு ஆசை?"ன்னு கேப்பாங்க. அதுக்கு எல்லாரும் மும்மூர்த்திகள்னுதான் சொல்லுவாங்க. நம்ம கையில அதைவிட நல்ல சரக்கு இருக்குங்க. திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து நடக்கற மண்ணு இது. அந்தக் கூத்துல வர்ற முகவீணைங்கிற சின்ன ஊதுகுழல எந்த ராகத்துல எப்ப ஊதறாங்க, கூத்துப் பாட்டுல எந்தெந்த தாளம் வருது, தெலுங்கும் கன்னடமும் பேசற எல்லைப்புற ஊர்கள்ல பஜனைப் பாட்டு எப்படி இருக்கு, இதையெல்லாம் உள்ளூர்க்காரன் எழுதற மாதிரி வெளியாள் எழுத முடியாது. இப்பவே ஒரு ராத்திரி கூத்து பாத்து ரெக்கார்ட் பண்ணி, கூத்து வாத்தியார்கிட்ட கேட்டுட்டு, குறிப்பெழுதி வச்சிக்கோங்க.

அமெரிக்கா பக்கம் இதுக்கு எத்னோமியூசிகாலஜின்னு துறை இருக்கு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனும் பாடம் எடுத்த காலத்துல இருந்தே கர்நாடக இசைக்கு இடம் உண்டு. அங்கெல்லாம் அடுத்த வருஷ ஆகஸ்ட், செப்டம்பர்ல சேர, பெரும்பாலும் முந்தின டிசம்பர், ஜனவரியிலயே விண்ணப்பம் முடிஞ்சிடும். நோக்க அறிக்கை, மூணு பேர்கிட்ட பரிந்துரைக் கடிதம், உங்க கட்டுரை ஒண்ணு, வாசிப்பு வீடியோ, இங்கிலீஷ் தேர்வு ஸ்கோர்னு கேப்பாங்க. பிஎச்.டி-ன்னா பல இடத்துல கட்டணமும் இல்லாம மாசப் பணமும் குடுப்பாங்க, மாஸ்டர்ஸ்னா பெரும்பாலும் கைக்காசுதான். அதனால நம்ம ஆளுங்களுக்கு என் யோசனை, இங்க எம்.ஏ முடிச்சிட்டு அங்க பிஎச்.டி-க்கு போடறது.

எட்டாவது படி: தேர்வுக்குப் போறது

முந்தின நாளே போயிடுங்க. தர்மபுரிக்காரங்களுக்கு சென்னை ட்ரெயின் மொரப்பூர்ல, கிருஷ்ணகிரிக்கு ஸ்டேஷனே இல்ல, ஜோலார்பேட்டை போய் ஏறணும் இல்லன்னா பஸ். ராத்திரி பஸ்ல ஏ.சி-யில உக்காந்துட்டு காலைல நேரா போய் வாயத் திறந்தா தொண்டை கட்டியிருக்கும். மிருதங்கக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, நம்ம ஊரு காத்து வறட்சியானது, சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிற சேப்பாக்கம் கடற்கரை ஓரம். அந்த ஈரத்துல தோல் தளர்ந்து சுருதி இறங்கிடும், அங்க போய் கொஞ்ச நேரம் வச்சிருந்து திரும்ப சேக்கணும். சுருதி சேக்கற கல்லும் கட்டையும், ரவையும் பையிலயே இருக்கட்டும்.

ஒரிஜினல் எல்லாம் ஒரு ஃபைல்ல, ஜெராக்ஸ் ரெண்டு செட் இன்னொரு ஃபைல்ல. பாடப் போற உருப்படிகள ராகம், தாளம், இயற்றியவர் பேரோட ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, கேட்டா நீட்டலாம். தம்புரா ஆப்ப நம்பி மட்டும் போகாதீங்க, உள்ள போன் விட மாட்டேன்னு சொன்னா என்ன பண்றது, சின்ன எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒண்ணு கடன் வாங்கியாவது கொண்டு போங்க.

ஒன்பதாவது படி: லிஸ்ட் வந்த பிறகு

செலக்‌ஷன் லிஸ்ட்ல பேர் வந்தா ஃபீஸ் கட்ட குறைஞ்ச நாள்தான் குடுப்பாங்க, பணத்த முன்னாடியே ரெடி பண்ணி வையுங்க. அரசு இடங்கள்ல படிப்புக் கட்டணம் பெரிய பாரமா இருக்காது, சென்னையில தங்கற செலவுதான் பாரம், அதனால அட்மிஷன் அன்னிக்கே ஹாஸ்டல் ஃபார்மையும் சேத்துப் போட்டுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா இடம் போயிடும். எஸ்.சி, எஸ்.டி பசங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும், பி.சி, எம்.பி.சி பசங்களுக்கு அந்தத் துறை உதவித்தொகையும் இருக்கு. ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் உயிரோட இருக்கான்னு பாத்துக்கோங்க, ஸ்கூல்ல படிக்கறப்ப ஆரம்பிச்ச ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் பல பேருக்கு முடங்கிக் கிடக்கும்.

வெயிட்டிங் லிஸ்ட்னு வந்தா அதோட விட்டுடாதீங்க. மியூசிக் சீட்ல சேந்துட்டு பாதியில வேற வேலை, பி.எட்னு போறவங்க உண்டு, அந்த சீட் அடுத்த ஆளுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்கு போன் போட்டு மரியாதையா கேளுங்க, விண்ணப்பத்துல குடுத்த நம்பர்ல ரீசார்ஜ் தீராம பாத்துக்கோங்க, கூப்பிட்டா மறுநாளே கிளம்பற மாதிரி ஃபைலும் துணிமணியும் எடுத்து வச்சிருங்க.